எழுதாத பேனாக்களை எழுத வைத்த வேலை

பேனாக்களைத் தரம் பிரிக்க உட்காருகிறவர்கள் முதலில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட வேண்டும். டிராயர் டிராயராகப் பார்த்தால் வேலை முடியவே முடியாது. ஒரு டிராயரில் மூடி இருக்கும், அதற்குரிய பேனா வேறு ஏதோ ஒரு பையில் கிடக்கும்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பேனாக்கள் சேர்ந்திருந்தன. தாத்தா கும்பகோணத்தில் பத்திர எழுத்தர். அப்பா கணக்கு எழுதியே வேலை பார்த்தவர். அண்ணன் சிவில் டிப்ளமோ படித்தவர். அப்புறம் அண்ணன் பிள்ளைகள். யாரும் எதையும் தூக்கிப் போட்டதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், தையல் மெஷின் டிராயர், ஸ்கூட்டர் டிக்கி, பூஜை அலமாரி, பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டு, தாத்தாவின் தகரப் பெட்டி என்று வீடு முழுக்கத் தேடி எடுத்து, ஹாலில் பழைய வேட்டியை விரித்துக் கொட்டினேன். ஐந்நூறைத் தாண்டியது. பல வருஷமாகப் பேனா தீர்ந்துபோய் யாரும் புதுப் பேனா வாங்கியதில்லை என்பது அந்தக் குவியலைப் பார்த்ததும் புரிந்தது. தேடினால் கிடைக்கவில்லை, அல்லது எடுத்தால் எழுதவில்லை, அதனால் வாங்கியிருக்கிறோம்.

கம்பெனி வாரியாகவோ நிறம் வாரியாகவோ பிரிப்பதில் பயன் இல்லை. உள்ளே என்ன மை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். எண்ணெய் மை ஓடும் பால்பாயிண்ட் ஒரு குவியல். தண்ணீர் மை ஓடும் ஜெல், ரோலர் பேனாக்கள் இன்னொன்று. மை ஊற்றி எழுதும் பேனாக்கள் மூன்றாவது. பஞ்சில் மை ஊறியிருக்கும் ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் நான்காவது. கடைசியாகப் பென்சில்கள். எழுதாமல் நின்றுபோன பேனாவுக்கு வைத்தியம் மையைப் பொறுத்துத்தான் மாறும். வெந்நீர் பால்பாயிண்ட்டுக்கு உதவும், தாத்தாவின் பேனாவைக் கெடுத்துவிடும்.

சோதிக்க ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களை எடுத்துக்கொண்டேன். கோடு கிழித்துப் பார்க்காமல் 8 எழுதிப் பார்க்க வேண்டும். பால்பாயிண்ட் முனையில் இருக்கும் குண்டு எல்லாப் பக்கமும் உருள வேண்டும். நேர்க்கோட்டில் நன்றாக எழுதும் பேனா வளைவில் மட்டும் வெள்ளை விட்டால், குண்டோ அது உட்காரும் பித்தளைக் குழியோ தேய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மருந்து கிடையாது, ரீஃபிலை மாற்றிவிட வேண்டியதுதான்.

பால்பாயிண்ட் குவியலில் பாதி ரெனால்ட்ஸ் 045. வெள்ளை உடல், நீல மூடி. சென்னையில் ஜி.எம். பென்ஸ் தயாரித்து, தொண்ணூறுகளில் பரீட்சை எழுதிய எல்லார் சட்டைப் பையிலும் இருந்த பேனா. இவற்றில் பெரும்பாலானவை எழுதவில்லை. ஆனால் ரீஃபிலை உருவி வெளிச்சத்தில் பார்த்தால் மை முக்கால்வாசி அப்படியே இருந்தது. பால்பாயிண்ட் மை கெட்டியான பசை. பல வருஷம் சும்மா கிடந்தால் குண்டை ஒட்டிய பகுதி இறுகிவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மை நன்றாகவே இருக்கும்.

முதலில் ரீஃபிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நன்றாக உருட்டினேன். சூட்டில் பசை கொஞ்சம் இளகும். அப்புறம் ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்தில் முனையை வைத்துச் சுழித்தேன். வழவழப்பான தாளில் குண்டு வழுக்கிக்கொண்டு போகும், ரப்பரில் பிடிப்பு கிடைத்துச் சுழலும். இதற்கே நிறைய ரீஃபில்கள் வழிக்கு வந்தன. வராதவற்றின் முனையை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிஷம் நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி சுழிக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், ரீஃபில் குழாய் வளைந்துவிடும். நெருப்புக்குச்சியைக் கொளுத்தி முனையில் காட்டுவதையும் நான் செய்வதில்லை. பித்தளை சூடாகி அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தளர்ந்தால் முனை கழன்று வந்துவிடும்.

சில ரீஃபில்களில் மை இருக்கும், முனையும் சரியாக இருக்கும், நடுவில் ஒரு காற்று இடைவெளி விழுந்திருக்கும். அவற்றின் வால் பக்கம் நூலைக் கட்டி, முனையில் டிஷ்யூ காகிதம் சுற்றி டேப் ஒட்டி, மொட்டை மாடிக்குப் போய்க் கவண் சுற்றுவது போலச் சுற்றினேன். முனை வெளிப்பக்கம் இருக்கும்படி கட்ட வேண்டும். மை முனையை நோக்கித் தள்ளப்பட்டு இடைவெளி மூடிக்கொள்கிறது. வீட்டுக்குள் இதைச் செய்யக் கூடாது. டிஷ்யூ நழுவினால் சுவரில் நீலக் கோடு விழும், அது எதற்கும் போகாது.

ஜெல் பேனாவில் அதே பிரச்சினைக்கு வேறு காரணம். அது தண்ணீர் மை, மூடியைச் சரியாகப் போடாவிட்டால் உலர்ந்துபோகும். ஈரத் துணியில் முனையைச் சிறிது நேரம் அழுத்தி வைத்து, பிறகு 8 எழுதினால் போதும். ஜெல் ரீஃபிலின் வால் பக்கத்தில் மைக்குப் பின்னால் தெளிவாக ஒரு பசை தெரியும். அழுக்கு என்று நினைத்துப் பலர் அதைக் குச்சி விட்டு எடுத்துவிடுகிறார்கள். மை பின்பக்கம் வழியாமலும் உலராமலும் காப்பதே அதுதான். மை குறையக் குறைய அதுவும் கூடவே இறங்கி வரும். அதைத் தொடக் கூடாது. ஜெல் பேனாக்களில் பிழைத்தவை குறைவு. முழுக்க உலர்ந்த ஜெல் ரீஃபிலோடு மல்லுக்கட்டுவது நேர விரயம் என்பது என் கருத்து.

கருத்தரங்குகளிலும் மருந்துக் கம்பெனிகளிலும் கொடுத்த விலை உயர்ந்த தோற்றமுள்ள பேனாக்களுக்கு ஒரு பொதுவான சீக்கு உண்டு. பிடிக்கும் இடத்தில் மெத்தென்று பூசியிருக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு, சில வருஷத்தில் பிசுபிசுவென்று ஆகி விரலில் ஒட்டும். பவுடர் போட்டால் இரண்டு நாளைக்குத் தாங்கும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். பூச்சு கருப்பாக உருண்டு வந்துவிட்டது, கீழே சுத்தமான பிளாஸ்டிக். ஆனால் கண்ணாடி மாதிரித் தெரியும் உடல்களில் இதைத் தேய்க்கக் கூடாது, மயிரிழை மாதிரி விரிசல் விட்டுவிடும்.

ரீஃபில் மாற்றுவதற்கு நம் ஊர்க் கடைகளில் இரண்டு வகை இருந்தாலே பெரும்பாலான பேனாக்களுக்குப் போதும். ஒன்று மெல்லிய பிளாஸ்டிக் குழாய், மற்றது பார்க்கர் மாடல் என்று கேட்டு வாங்கும் குண்டான ரீஃபில், 98 மில்லிமீட்டர் நீளம். உலோக உடல் பேனா எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே இந்த 98 மில்லிமீட்டர் ரீஃபில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிட வேண்டும். அப்பாவின் பேனாக்களில் நல்லவை நான்கைந்து இப்படித்தான் திரும்பக் கிடைத்தன. உடைந்த பேனாக்களைப் போடுவதற்கு முன்னால் ஸ்பிரிங்கை உருவிச் சின்ன டப்பாவில் சேர்த்துக்கொண்டேன். பித்தான் பேனா நின்றுபோவதற்குப் பாதி நேரம் ஸ்பிரிங் துருப்பிடித்ததுதான் காரணம்.

ஸ்கெட்ச் பேனாக்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பின்மூடியைத் திறந்து பஞ்சில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டால் கொஞ்ச காலம் எழுதும், வெளிறிய நிறத்தில். பிள்ளைகள் அதுவே போதும் என்றார்கள்.

பென்சில்களில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. சிவப்பும் கருப்பும் பட்டை போட்ட நடராஜ், அப்சரா, இரண்டுமே ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் தயாரிப்பு. 1958-இல் தொடங்கிய கம்பெனி. ஒரு பழைய பென்சில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த கருப்பு முனை ஒரு பாதியில் அப்படியே படுத்திருந்தது. பென்சிலை எப்படிச் செய்கிறார்கள் என்பதை அந்தப் பிளவு காட்டிக்கொடுத்தது. மரத்தைத் துளைத்து முனையைச் செருகுவதில்லை. மெல்லிய பலகையில் பள்ளம் கீறி, கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சியை அதில் படுக்க வைத்து, மேலே இன்னொரு பள்ளம் கீறிய பலகையை ஒட்டி அழுத்தி, பிறகு ஒவ்வொன்றாக அறுக்கிறார்கள். இந்தியப் பென்சில்களுக்கான பலகையில் பெரும்பங்கு காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்து உக்கூ என்ற ஊர்ப் பக்கமிருந்து, பாப்லர் மரத்திலிருந்து வருகிறது. நம் ஊர் ஈரத்தில் பசை விட்டுப்போனால் பென்சில் வாயைப் பிளந்துவிடும். உள்ளே ஃபெவிகால் தடவி, நூலை இறுக்கமாகச் சுற்றி ஒரு ராத்திரி வைத்தேன். இப்போது சீவினால் சீவலாக வருகிறது, பிளக்கவில்லை.

சீவச் சீவ முனை விழுந்துகொண்டே இருக்கும் பென்சில்கள் தனி ரகம். சிமெண்டுத் தரையில் விழுந்து உள்ளேயே துண்டு துண்டாக உடைந்தவை அவை. இதைக் கண்டுபிடிக்க நேரம் ஆகாது. தரமான ஷார்ப்னரில் சீவி, முனையை லேசாகப் பக்கவாட்டில் அழுத்தினால், உடைந்தது ஆடும். இரண்டு மூன்று தடவை சீவியும் ஆடினால் ஒதுக்கிவிடலாம். அதற்கு முன் பென்சிலின் தட்டையான முனையைப் பார்க்க வேண்டும். கருப்புப் புள்ளி நட்ட நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், எந்த ஷார்ப்னரில் போட்டாலும் ஒரு பக்கம் மரம் மூடிக்கொண்டே வரும். அதைக் கத்தியால் சீவுவதே நல்லது. அண்ணனின் 2H, 4H என்ற கடின முனைப் பென்சில்களை அவரிடமே கொடுத்துவிட்டேன். படம் வரைய உதவும் அவை, எழுதினால் தாளில் வெளிறித் தெரியும்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் இரண்டு அபூர்வமான பென்சில்கள் இருந்தன. ஒன்று ஒரு முனையில் சிவப்பும் மறுமுனையில் நீலமும் உள்ளது. பத்திர நகலில் திருத்தம் குறிப்பதற்கு அதைத்தான் பயன்படுத்துவார் என்று அப்பா சொன்னார். இன்னொன்று பார்க்கச் சாதாரணப் பென்சில். எழுதினால் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் அதே எழுத்து பளீரென்று ஊதாவாகிவிடுகிறது. காப்பியிங் பென்சில். கிராஃபைட்டோடு சாயம் கலந்தது. ரப்பரால் அழிக்க முடியாது என்பதால் ரசீதுகளிலும் பேரேடுகளிலும் இதைப் பயன்படுத்தினார்கள். எச்சில் தொட்டு எழுதும் பழக்கமும் அப்போது இருந்தது. அந்தச் சாயம் உடம்புக்கு நல்லதல்ல. அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஒரு காகித உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்தேன்.

ஜாமெட்ரி பாக்ஸ்களில் ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு உருகி ஒட்டியிருந்ததும் அடிக்கடி கண்ணில் பட்டது. ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை மெல்ல வெளியேறிப் பக்கத்துப் பிளாஸ்டிக்கை இளக்குகிறது. ரப்பரை எப்போதும் அதன் காகித உறையோடு வைத்தால் இது நடக்காது. இரண்டு பெட்டியிலிருந்து பல்பமும் கிடைத்தது, ஒரு முனை கடித்திருந்தது.

மைப் பேனாக்களைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவற்றை அவசரமாகச் செய்ய முடியாது. இருந்ததில் பெரும்பாலானவை ஹீரோ, ஷாங்காய்த் தயாரிப்பு. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும், தங்க நிற மூடி. உடலைக் கழற்றினால் உள்ளே ஒரு உலோக உறை, அதில் நீளமான தகடு. அதை அமுக்கி விட்டால் மையை உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணத் தண்ணீரில் முனையை வைத்து, தகட்டை அமுக்கி அமுக்கி விட்டேன். முதலில் கருநீலமாக வந்தது, பிறகு சாம்பல், அப்புறம் தெளிவு. தெளிந்த பிறகும் நிறுத்தக் கூடாது. தண்ணீரில் ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தால் காலையில் மறுபடி கலங்கியிருக்கும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் வேகமாக இறங்கும். ஸ்பிரிட் வேண்டாம், பழைய பிளாஸ்டிக்கை அது பதம் பார்த்துவிடும்.

தாத்தாவின் பேனா எபோனைட். கந்தகம் சேர்த்து இறுக வைத்த ரப்பர் அது, கடைசலில் கடைந்து செய்வார்கள். ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் சுதேசிப் பேனாவாக இப்படிச் செய்தது, தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்திக்குப் போனது. நல்ல பேனா என்று காந்தி 1935-இல் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்களை இன்றும் கையால் கடைகிறார்கள். எங்கள் பேனாவில் பெயர் எதுவும் பொறிக்கவில்லை. கருப்பாக இருந்திருக்க வேண்டியது, வெளிச்சம் பட்டுப் பட்டு மூடிக்கு வெளியே இருந்த பகுதி பாசி நிறத்துக்கு மாறியிருந்தது. வெந்நீரில் போட்டால் முழுப் பேனாவும் இப்படி ஆகிவிடும். அதனால் கழுத்துப் பகுதியை மட்டும் பச்சைத் தண்ணீரில் தொங்கவிட்டேன்.

அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "அது கிரயப் பத்திரம் எழுதுற பேனாடா. மத்ததுக்கு எடுக்க மாட்டார்" என்றார். கருநீல மை மட்டும்தான் ஊற்றுவாராம். ராயல் ப்ளூ தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், முத்திரைத்தாளில் அதை நம்ப முடியாது. கருநீலம் உலர்ந்தால் எளிதில் கரையாததுதான் பத்திரத்துக்குப் பலம். பேனாவைக் கழுவ உட்கார்ந்த எனக்கு அதுவே வேலையாகிவிட்டது.

நன்றாக ஊறிய பிறகு, சைக்கிள் ட்யூப் துண்டால் நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கட்டையையும் சேர்த்துப் பிடித்து நேராக வெளியே இழுத்தேன். திருகக் கூடாது, நிப்பு வளைந்துவிடும். கட்டையில் மை இறங்கும் மெல்லிய பள்ளம் முழுக்கக் களிம்பு மாதிரி அடைந்திருந்தது. பழைய பல்துலக்கியால் தண்ணீருக்கு அடியில் வைத்தே தேய்த்தேன். நிப்பின் பிளவுக்கு ஊசி போடவே கூடாது. பழைய கேமரா ஃபிலிம் நெகட்டிவின் ஓரத்தை மெல்ல விட்டு இழுத்தால் அழுக்கு வந்துவிடும், உலோகத்தில் கீறல் விழாது. திரும்பச் செருகும்போது நிப்பின் பிளவும் கட்டையின் பள்ளமும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். விலகினால் மை வராது.

மை ஊற்றுவதற்கு முன் மரைகளில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினேன். உடல் முழுக்க மை நிற்கும் பேனா என்பதால் மரை வழியாகக் கசியும். இந்தப் பேனாக்கள் திடீரென்று மை கக்கும் என்று கெட்ட பெயர் வாங்கியவை. காரணம் எளிது. மை குறைந்ததும் உள்ளே காற்று அதிகமாகிறது, கைச் சூட்டில் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. கால் பங்குக்குக் கீழே இறங்க விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் கக்காது.

எழுதிப் பார்த்தபோது தாளைக் கீறியது. நிப்பு வளைந்திருக்கிறதோ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதன் மூக்கில் இருக்கும் கடினமான உலோக மணி ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்து சமமாக இருந்தது. அப்பா பேனாவை வாங்கி, தாளோடு படுக்கிற மாதிரிச் சாய்த்து, கொஞ்சம் இடதுபக்கம் திருப்பிப் பிடித்து எழுதினார். தாத்தா அப்படித்தான் பிடிப்பாராம். கீறல் சத்தமே இல்லை. அந்தச் சாய்வில் பிடித்தால் எனக்கும் எழுதியது. இதை மறுபடி தேய்த்து என் கைக்கு மாற்ற வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

பிரித்து முடித்த பிறகு, எழுதும் பேனாக்களில் வீட்டுக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டோம். சீவிய பென்சில்களையும் சோதித்த பால்பாயிண்ட்களையும் ஜூனில் பள்ளி திறந்ததும் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குக் கொடுத்தோம். எழுதாததை யாருக்கும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கையில் எழுதாத பேனா போனால் அவர்களுக்கு அது ஏமாற்றம்தான். கட்டைப் பென்சில்களைக் காலியான பேனா உடலில் செருகி நீளமாக்கினேன், சீவல் முடியும்வரை பயன்படும். காயலான் கடைக்காரர் பிளாஸ்டிக் உடல்களை எடுத்துக்கொண்டார், மை ஒட்டிய ரீஃபிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இப்போது இருக்கும் டம்ளர்களில் பால்பாயிண்ட்டும் ஜெல்லும் முனை கீழே பார்க்க நிற்கின்றன. மைப் பேனாக்கள் நிப்பு மேலே பார்க்க. மார்க்கர்கள் படுக்கையாக. எழுதாத பேனாவை அதே டம்ளரில் திரும்பப் போடக் கூடாது, பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பாவில் போட வேண்டும். பிள்ளைகள்தான் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள்.

ஒரே ஒரு பேனா இன்னும் பாக்கி. பின்பக்கக் குமிழைத் திருகினால் உள்ளே தண்டு அசைய மறுக்கிறது, இறுகிப் போயிருக்கிறது. பலவந்தம் செய்தால் உடையும் என்பதால் அதைக் கழற்றவில்லை. அடுத்த தடவை சென்னை போகும்போது பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ பேனாக் கடையில் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.